கரண்டி பிடித்த கை

அந்தத் திங்கட்கிழமை காலை டாக்டர் ஹரிகிருஷ்ணனுக்கு எடை மெஷின்மேல் சந்தேகம் வந்தது.

மெஷின்மேல் சுவேதா நின்றிருந்தாள், எண்களுக்கு முதுகைக் காட்டியபடி. சாப்பிடவே பயப்படும் நோயாளிகளுக்குத் தங்கள் எடை தெரியக்கூடாது என்பது அந்த மையத்தின் விதி. டாக்டர் மட்டும் குனிந்து பார்ப்பார். பார்த்ததை முகத்தில் காட்டாமல் ஃபைலில் எழுதிக்கொள்வார். முகத்தில் காட்டாமல் இருப்பதில் தமக்கு நல்ல பயிற்சி உண்டு என்று அவர் நம்பியிருந்தார்.

"என்னா சார், இவ்ளோ நேரம் பாக்கறீங்க?" என்றாள் சுவேதா.

"கண்ணாடி கொஞ்சம் மங்கலா இருக்கும்மா. எறங்கு."

பத்தொன்பது வயதுப் பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம். வீராம்பட்டினத்தில் வீடு, அம்மா நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஆறு வாரத்துக்கு முன்னால் சுவேதா முதல்முறை வந்தபோது, டாக்டர் அவள் ஃபைலில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். எடை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டிலிருந்து வந்துபோக விட முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கவேண்டும். இதை அவளிடம் மறைக்கவில்லை. "ட்யூப் மட்டும் வேணாம் சார், செத்துருவேன்" என்று அவள் அன்றைக்கு அழுதாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

போன வாரம் எடைக்கும் கோட்டுக்கும் நடுவில் அறுநூறு கிராம் இருந்தது. இன்று முந்நூறு.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலைமேல், ஒரு வங்கி ஏடிஎம்முக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மையம். 'உணவுக் கோளாறு சிகிச்சை மற்றும் ஆராய்ச்சி மையம்' என்று பெரிய போர்டு. அதைப் படித்துவிட்டு ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர், ராத்திரி சாப்பிட்ட பிரியாணி நெஞ்சிலேயே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அது வயிற்று டாக்டர் பார்ப்பது, நாங்கள் மனநல டாக்டர்கள் என்று விளக்கினால், "பரவால்ல சார், ஒரு மாத்திர குடுங்க" என்பார்கள். டாக்டரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். சீரகத் தண்ணீராவது சொல்லி அனுப்புவார்.

ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். இந்தத் துறையில் இருபத்தைந்து வருடம். பிரான்ஸில் லியோன் நகரத்துக் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரையைப் பல நாட்டவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருக்குத் துணையாக உளவியலாளர் பூர்ணிமா. அவரும் லேசுப்பட்டவர் அல்ல. ஒருவர் சாப்பாட்டை வெறுப்பதற்கு நாற்பத்தியொரு காரணங்களை வரிசைப்படுத்தி முனைவர் பட்டம் வாங்கியவர்.

மையத்தின் முக்கியமான சிகிச்சை மத்தியானச் சாப்பாடுதான். ஒரு மணிக்கு டாக்டரும் பூர்ணிமாவும் நோயாளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடவேண்டும். சேர்ந்து சாப்பிட்டால் பயம் மெல்ல விலகும் என்பது ஆராய்ச்சியில் கண்டது. முதல் வாரம் சமையல்காரி அஞ்சலாட்சி பரிமாறினாள். சுவேதா அழுதுகொண்டே நாலு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் அஞ்சலாட்சி, மகளின் பிரசவத்துக்கென்று கடலூருக்குப் போய்விட்டாள்.

"நான் செய்யறேன் சார். வூட்ல நான்தான் எல்லாருக்கும் சோறு போடுவேன்" என்றாள் சுவேதா.

டாக்டருக்கு மகிழ்ச்சி. சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்கும் பெண் தானே அடுப்படிக்குப் போகிறது என்றால் அது முன்னேற்றம்தானே? 'நோயாளி உணவோடு நல்லுறவு கொள்கிறாள்' என்று ஃபைலில் எழுதினார்.

என்ன அருமையான நல்லுறவு! அம்மா விடியற்காலையில் எடுத்து வைத்த சங்கராவில் குழம்பு. வஞ்சிரத்தில் வறுவல். மீன் கூடாத நாளில் முருங்கைக்கீரைக் கூட்டு, உருளைக்கிழங்குப் பொரியல். டாக்டருக்குச் சாப்பிடும் முன் அரை நிமிடம் கண்ணை மூடி முருகனை நினைக்கும் பழக்கம் உண்டு. கண்ணைத் திறக்கும்போது தட்டில் ஒரு துண்டு கூடியிருக்கும். முருகன் கொடுத்தது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

"போதும்மா, போதும்மா" என்று பூர்ணிமா இரண்டு கையாலும் தட்டை மூடுவார். சுவேதா விரல் இடுக்கு வழியாகவே குழம்பை ஊற்றுவாள்.

"நீயும் உக்காரேன்" என்று இருவரும் தினமும் சொல்லத்தான் சொன்னார்கள்.

"நீங்க சாப்டுங்க மேடம், நான் கடைசில சாப்டுக்கறேன். போடறவங்க கடைசிலதான சாப்டணும்?"

இந்தப் பதிலைக் கேட்டுத் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ யாராவது சந்தேகப்பட்டதுண்டா? அம்மாக்கள் அப்படித்தான் சொன்னார்கள். டாக்டரின் மனைவியும் இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறார். கரண்டி பிடித்த பெண்ணிடம், நீ சாப்பிட்டாயா என்று யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. இரண்டு மணிக்கு வேறு நோயாளிகள் வந்துவிடுவார்கள். டாக்டரும் பூர்ணிமாவும் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பிறகு பூர்ணிமா எட்டிப் பார்த்தால், சுவேதாவின் தட்டில் குழம்புக் கறையும் கறிவேப்பிலையும் இரண்டு மீன் முள்ளும் இருக்கும். 'முழு உணவு உண்டாள்' என்று அவர் ஃபைலில் குறித்துக்கொள்வார்.

முழு உணவு உண்பவளுக்கு வாராவாரம் எடை குறையுமா? அதனால்தான் டாக்டருக்கு மெஷின்மேல் சந்தேகம்.

சுவேதா போனதும் சோதனைக்காக அவரே ஏறிப் பார்த்தார். வழக்கமாக எழுபத்திரண்டு இருப்பவர். மெஷின் எழுபத்தாறு என்றது.

"பாத்தீங்களா பூர்ணிமா? எனக்கு நாலு கிலோ கூட்டிச் சொல்லுது. அந்தப் பொண்ணுக்குக் கொறச்சிச் சொல்லுது. மெஷின் கெட்டுப் போயிருக்கு."

"ஒரே மெஷின் ஒருத்தருக்குக் கூட்டி இன்னொருத்தருக்குக் கொறைக்குமா சார்?"

"எலக்ட்ரானிக் சாமான் எது வேணாலும் செய்யும். நீங்க ஏறுங்க, பாத்துடலாம்."

பூர்ணிமா ஓரடி பின்னால் போனார். "செருப்பு போட்டிருக்கேன் சார்."

"கழட்டுங்க."

"வார் செருப்பு சார். கழட்ட நேரமாவும். எனக்கு ஒரு ரிப்போர்ட் வேற எழுதணும்."

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்குத் தட்டாஞ்சாவடியிலிருந்து முருகையன் வந்தார். எடை மெஷின் பழுது பார்ப்பவர். கையில் கனமான மரப்பெட்டி. அதைத் திறந்து அரசாங்க முத்திரை குத்திய எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷின்மேல் வைத்தார். ஐந்து கிலோ, பத்து கிலோ, இருபது. அரைமணி நேரம் ஏற்றினார், இறக்கினார். சுவேதா அன்றைக்கு அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"சார், மெஷின் அம்பது கிராம்கூட தப்பு சொல்லல."

"நல்லா பாத்தீங்களா? எனக்கு நாலு கிலோ கூட்டிச் சொல்லுதே?"

"நீங்க ஏறுங்க சார்."

டாக்டர் ஏறினார். மெஷின் எழுபத்தாறு புள்ளி இரண்டு என்றது. ஒரே நாளில் இருநூறு கிராம் கூடியிருந்தது. அன்றைக்கு நெத்திலி வறுவல்.

முருகையன் டாக்டரின் பெல்ட்டை ஒருமுறை பார்த்தார். அது புது ஓட்டையில் மாட்டியிருந்தது, அந்த ஓட்டை ஆணியால் போட்டதுபோல் இருந்தது. "எடக்கல்லும் சரியா இருக்குது சார், மெஷினும் சரியா இருக்குது" என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "நல்ல எடம் சார் இது. கீழ ஏடிஎம்ல செக்யூரிட்டியா இருக்காரே இராமதாஸ், எனக்குத் தெரிஞ்சவருதான். மேலேர்ந்து ஒரு பொண்ணு தெனம் ரெண்டு மணிக்கு டப்பால சோறு, கொழம்பு, மீனு எல்லாம் கொண்டாந்து குடுக்குதாம். ஒரு மாசமா மனுஷன் மத்தியானம் பட்டினி இல்ல. அந்தப் புள்ள நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறாரு. உங்க ஆஸ்பத்திரிக்கும் புண்ணியம் சார்."

அவர் படி இறங்கிப் போனார். டாக்டர் மெஷினிலிருந்து பார்வையைத் திருப்பினார்.

"பூர்ணிமா, அவ சாப்ட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

"தட்டப் பாத்திருக்கேன் சார்."

"தட்ட நானும்தான் பாத்தேன். அவ வாயில ஒரு கவளம் போனத?"

பூர்ணிமா நினைத்துப் பார்த்தார். சுவேதாவின் கை நினைவுக்கு வந்தது, கரண்டி வந்தது, விரல் இடுக்கில் ஊற்றிய குழம்புகூட வந்தது. வாய் நினைவுக்கு வரவில்லை. "அந்த ரெண்டு முள்ளு..." என்று ஆரம்பித்தார்.

"என் தட்டு முள்ளு" என்றார் டாக்டர்.

பூர்ணிமா அலமாரியிலிருந்து லியோன் கட்டுரையை எடுத்தார். மூன்றாம் பக்கத்தைத் திறந்து, கொஞ்சம் தயங்கி, வாசித்தார். "'இந்நோயாளிகள் பிறருக்குச் சமைப்பதிலும் ஊட்டுவதிலும் மிகுந்த ஆர்வம் காட்டுவார்கள். இது குணமாவதன் அறிகுறி அல்ல. அனுபவமற்ற மருத்துவர்கள் இதில் ஏமாறக்கூடும்.'"

"யாரு எழுதினது?" என்றார் டாக்டர், தெரிந்துகொண்டே.

"நீங்கதான் சார். நான் டைப் பண்ணேன்."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பூர்ணிமா சொன்னார்: "நாளையிலேர்ந்து நோயாளிங்க கிச்சனுக்குள்ள வரக்கூடாதுன்னு ரூல் போட்டுடலாம் சார். எதிர்ல உக்கார வச்சி, டைம் குறிச்சி, நான் பாக்கறேன்."

"ரூல் சரிதான். ஆனா பொய் சொல்லி மாட்டிக்கிட்டோம்ங்கற கூச்சத்தோட அவ உக்காந்தா அந்தச் சோறு எறங்குமா?" டாக்டர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். இராமதாஸ் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய காக்கிச் சட்டையிலும் பித்தான்கள் கொஞ்சம் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தன. "அவ குடுத்தது பொய்யில்ல பாருங்க. நம்ம மூணு பேரோட பசியும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அத வச்சிதான் ஏதாவது செய்யணும்."

"இன்னும் முந்நூறு கிராம்தான் சார் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள என்ன செய்ய முடியும்?"

"பரிமாற முடியும்" என்றார் டாக்டர்.

புதன்கிழமை ஒரு மணிக்கு சுவேதா சமையலறைக்குப் போனபோது, டாக்டர் இடுப்பில் அஞ்சலாட்சியின் துண்டைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் அம்மா தில்லையம்மாளும் மார்க்கெட்டை முடித்துக்கொண்டு, மகளை எட்டிப் பார்க்க வந்தாள்.

"ஐயோ, என்னா சார் இது! நீங்க போயி கரண்டியப் புடிச்சிக்கினு! ஏய் சுவேதா, வாங்குடி."

"இன்னிக்கு எல்லாருக்கும் நான்தான் போடறேன்மா. ரெண்டு பேரும் போய் உக்காருங்க."

"எனக்கு வேணாம் சார், நான் சாப்ட்டுட்டேன்" என்றாள் தில்லையம்மாள்.

"எப்போ?"

"காலைல."

"என்ன சாப்ட்டீங்க?"

தில்லையம்மாள் யோசித்தாள். "டீ" என்றாள்.

பூர்ணிமா அவளைப் பிடித்து உட்கார வைத்தார். சுவேதா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. டாக்டர் அவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து மெஷின் பாக்க ஒருத்தர் வந்தாரும்மா. மெஷின் சரியா இருக்குது. இராமதாசும் நல்லா சாப்டறாராம். எனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு. நான் கோவமா இல்ல. உன்னப் பாக்காம மீனப் பாத்துக்கிட்டு இருந்தது நாங்க. தப்பு எங்களுது."

சுவேதாவின் கண்களில் நீர் நிறைந்தது. "சாப்ட்டா மனசு திட்டிக்கினே இருக்குது சார். மத்தவங்களுக்குப் போடும்போதுதான் அது சும்மா இருக்குது."

"தெரியும். இன்னிக்கும் திட்டும். திட்டட்டும். கூட நாங்க இருக்கோம்."

அவள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் பரிமாறத் தொடங்கினார். ஐம்பத்து மூன்று வயதுவரை யாருக்கும் ஒரு கரண்டி சோறு போட்டுப் பழகாத கை. சோறு பாதி தட்டிலும் பாதி மேசையிலும் விழுந்தது. குழம்பு தில்லையம்மாளின் புடவைக்குத் தப்பிப் பூர்ணிமாவின் ரிப்போர்ட்மேல் விழுந்தது.

"சார், கரண்டிய அப்டிப் புடிக்கக்கூடாது. சாய்க்கணும்" என்றாள் சுவேதா, அழுகைக்கு நடுவில். பொறுக்கமுடியாமல் எழப் போனாள்.

"உக்காரு. கத்துக்கறவன திட்டக்கூடாது."

தில்லையம்மாள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒருத்தரும் தட்டுல போட்டுக் குடுத்ததில்ல சார்" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "எம் பொண்ணு எல்லாருக்கும் போட்டுட்டுதான் சாப்டும்னு நான் தெருவெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருந்தன். சாப்டலயாடி நீ?"

சுவேதா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

தில்லையம்மாள் மகளைத் திட்டவில்லை. தன் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தான் சாப்பிட்டாள். "செங்கழுநீரம்மா" என்று ஊர் அம்மனைக் கூப்பிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, "கொழம்புல உப்பு பத்தல" என்றாள்.

"அது நான் வச்சது" என்றார் டாக்டர்.

சுவேதா ஒரு வாய் எடுத்தாள். வெகுநேரம் மென்றாள். இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. மணி ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. தில்லையம்மாளும் பூர்ணிமாவும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வரிசையில் இருவர் ஏப்பம் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். டாக்டர் கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க சாப்டுங்க சார்" என்றாள் சுவேதா.

"போடறவங்க கடைசிலதான சாப்டணும்? நீதானம்மா சொன்ன."

"அது எனக்கு."

"எனக்கு மட்டும் வேற ரூலா?"

அப்போது டாக்டரின் வயிறு கத்தியது. நாலு கிலோ நல்ல சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு. சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். டாக்டர் சுவரில் இருந்த காலண்டரை உற்றுப் பார்த்தார். பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டார். சுவேதாவின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிரித்துவிட்டாள்.

"வெளிய பேஷண்ட்டுங்க காத்துக்கினு இருக்காங்க சார்" என்றாள்.

"இருக்கட்டும். அவங்க பிரியாணி சாப்ட்டுட்டு வந்தவங்க."

"இது எந்த கைட்லைன்ல சார் இருக்கு?" என்று பூர்ணிமா மெதுவாகக் கேட்டார்.

"எதுலயும் இல்ல. சும்மா இருங்க."

பசியோடு ஒருவர் எதிரில் நிற்பதை அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. மனசு ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம் டாக்டரின் வயிறு. அவள் கண்ணை இறுக மூடி இரண்டாவது வாய் எடுத்தாள். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது. தட்டில் போட்டது முடிய மூன்று இருபது ஆயிற்று. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, யாரும் பாராட்டவில்லை. தில்லையம்மாள் மகளின் கையைத் தானே கழுவிவிட்டாள்.

டாக்டர் உட்கார்ந்தார். ஆறிய சோற்றின் எதிரில் கண்ணை மூடப்போனவர், நிறுத்தினார். "இனிமே கண்ணத் தெறந்துக்கினே கும்பிடறேன். அதான் எல்லாருக்கும் நல்லது."

வியாழனும் அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை சுவேதா பாதியில் எழுந்து ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு முடிய நாலு மணி. சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரம். ஞாயிற்றுக்கிழமை மையம் விடுமுறை. வீட்டில் தில்லையம்மாள் முதல்முறையாக மகளோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன் வாங்க வந்தவர்களிடம், "இரு, சாப்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி.

இராமதாசுக்கும் சோறு நிற்கவில்லை. அவருக்கென்று தனியாக ஒரு டப்பா மையத்திலிருந்தே போனது. சுவேதாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள், தன் தட்டு முடிந்த பிறகு. அவளிடம் இருந்த ஒரு நல்ல பழக்கத்தை வைத்தியம் என்ற பெயரில் பிடுங்கிவிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை சுவேதா மெஷின்மேல் ஏறினாள், எண்களுக்கு முதுகைக் காட்டி. கைகள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தன. வாசலில் தில்லையம்மாள் குங்குமப் பொட்டலத்தைக் கையில் மூடிக்கொண்டு நின்றாள். டாக்டர் குனிந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை பார்த்தார். பூர்ணிமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், ட்யூப்பா?" என்றாள் சுவேதா.

"ட்யூப் இல்லம்மா."

எடை அந்த வாரம் குறையவில்லை. போன வாரத்தைவிட நூறு கிராம் கூடியிருந்தது. ஏழு வாரத்தில் அவள் எடை முதல்முறையாக மேலே போயிருந்தது. இன்னும் எத்தனையோ திங்கட்கிழமை இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும். இருந்தாலும் ஃபைலில் எழுதும்போது, முகத்தில் காட்டாமல் இருக்கும் பயிற்சி அவருக்குக் கொஞ்சமும் உதவவில்லை.

தில்லையம்மாள் மகள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். டாக்டருக்கும் வைத்தாள். பூர்ணிமா கேட்காமலேயே வந்து நெற்றியைக் காட்டினார்.

"இன்னிக்கு மத்தியானமும் நீங்கதான் போடுவீங்களா சார்?" என்றாள் சுவேதா, மெஷினிலிருந்து இறங்கிக்கொண்டே.

"ஆமா."

"ரசம் மட்டும் நான் ஊத்தறேன் சார். நீங்க ஊத்தினா மேசதான் சாப்டுது."

டாக்டர் பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா யோசித்தார். "உக்காந்துக்கினே ஊத்தணும். மொதல்ல உன் தட்டுல" என்றார்.

"சரி மேடம்." பிறகு அவள் மெஷினைக் காட்டினாள். "சார், நீங்க ஏறுங்க."

"நானா? எதுக்கு?"

"நாலு நாளா ஆறிப்போன சோறுதான சாப்டறீங்க. எளச்சிருக்கீங்களான்னு பாக்கறேன். திரும்பி நில்லுங்க. நம்பரப் பாக்கக்கூடாது."

தப்பிக்க வழியில்லை. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, எண்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். சுவேதா குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டாமல் நிமிர்ந்தாள்.

"எவ்ளோம்மா?"

"அதெல்லாம் பேஷண்ட் கேக்கக்கூடாது சார்" என்றாள் சுவேதா. "எறங்குங்க."